கருஞ்சீரக எண்ணெய்: வயிற்றுக்குப் போகலாம், மூக்குக்குப் போகக்கூடாது

12 வயதில் பீடி சுற்றச் சொளவை, அதாவது முறத்தை, மடியில் ஏற்றினேன், 57-இல் இறக்கிவைத்தேன். இடையில் சுற்றிய பீடி கோடியைத் தாண்டும் என்று பேத்தி கணக்குப் போட்டுச் சொன்னாள். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பீடித்தூள் வாடை இல்லாத வீடு கிடையாது. தூள் பறக்கும் என்று மின்விசிறியையும் அணைத்துவிட்டு, நாலு பெண்கள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து இலை வெட்டுவோம், தூள் அள்ளுவோம், சுற்றுவோம், முனை மடக்குவோம். தும்மல் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சொளவைக் கையால் பொத்துவோம், தூள் வீணாகிவிடுமே என்று. 34 வயதில் எனக்கு இழுப்பு, அதாவது ஆஸ்துமா, வந்தது. முதலில் ராத்திரி இருமல். பிறகு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம். அப்புறம் மூன்று தலையணை அடுக்கி, உட்கார்ந்தபடியே விடியவைத்த ராத்திரிகள்.

இப்போது வயது 61. காலையும் இரவும் ஒரு பம்பு, அதாவது மருந்தை மூச்சில் இழுக்கிற இன்ஹேலர். அவசரத்துக்கு நீலப் பம்பு. அதோடு கருஞ்சீரக எண்ணெயும் உண்டு. நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டுகிறாள். அவள் பி.ஃபார்ம் மூன்றாம் வருஷம். நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் "உம்மம்மா, அப்படி இல்லை" என்று நிறுத்திவிடுவாள். அதனால் இதில் இருப்பது இரண்டு பேரும் ஒத்துக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் வளைகுடாவிலிருந்து வருகிற பெட்டியைப் பிரித்தால் அத்தர், பேரீச்சம்பழம், தைலம், அதோடு ஒரு கறுப்புப் பாட்டில் இருக்கும். அரபியில் ஹப்பத்துஸ் ஸவ்தா என்று போட்டிருக்கும். அதாவது கறுப்பு விதை. பாட்டில் வந்த அடுத்த நாளே யாராவது என்னிடம் வந்து நிற்பார்கள். "மாமி, இதைக் குடிச்சா பம்ப விட்டுரலாமா?" விடக்கூடாது. இந்த ஒரு பதிலுக்காகவே கேட்க வந்தவர்கள் இதற்கு மேல் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

எனக்கும் அந்த ஆசை இருந்தது, மறைப்பதற்கில்லை. சாவைத் தவிர எல்லா நோய்க்கும் இதில் மருந்துண்டு என்று நபிமொழியான ஹதீஸில் வருகிறதே என்று ஒரு ரமலான் மாதம் பம்பை அலமாரியில் வைத்துவிட்டு எண்ணெயை மட்டும் குடித்தேன். ஒன்பதாவது நாள் நோன்புக்கு முந்தைய ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பேச்சு வரவில்லை. மகன்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினான். பிறகு மார்க்கம் படித்த எங்கள் ஆலிம்சாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கான், வைத்தியம் பண்ணிக்கோங்க என்றும் ஹதீஸ் இருக்குல்ல, அந்தப் பம்பு யார் தந்த மருந்தாம்?" என்று கேட்டார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எண்ணெய் உண்மையில் எவ்வளவு செய்யும்? 2017-இல் சவூதியில் நடந்த ஒரு ஆய்வைப் பேத்தி எனக்கு வரிவரியாகச் சொன்னாள். ஆஸ்துமா உள்ள 80 பேர். எல்லோரும் அவரவர் பம்பை நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்குக் கருஞ்சீரக எண்ணெய் மாத்திரை, ஒன்று 500 மில்லிகிராம், தினம் இரண்டு. மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் போலி மாத்திரை. நாலு வாரம். ராத்திரி எழுந்தீர்களா, மூச்சு வாங்கியதா, அவசரப் பம்பு எத்தனை தடவை என்று கேட்டு 25-க்கு மதிப்பெண் போடுவார்கள், கூடினால் நல்லது. எண்ணெய் குடித்தவர்களுக்கு 21.1, போலி குடித்தவர்களுக்கு 19.6. ரத்தத்தில் அலர்ஜி அணுக்களும் குறைந்திருக்கின்றன. ஆனால் குழாயில் ஊதிப் பார்க்கிற சோதனையில், நம்பிச் சொல்லும்படி பெரிய வித்தியாசம் இல்லை. 25-இல் மூன்று புள்ளியாவது ஏறினால்தான் நோயாளிக்கே மாற்றம் தெரியும் என்பார்களாம். இங்கே இரண்டு கூட்டத்துக்கும் இடைவெளி ஒன்றரைப் புள்ளி. கொஞ்சம் உதவுகிறது, அவ்வளவுதான். என் உடம்பு சொல்வதும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

இன்னொன்று ஈரானில், மஷ்ஹத் நகர மருத்துவப் பல்கலைக்கழகத்தில் செய்தது, 2010-இல் வந்தது. அங்கே எண்ணெய் இல்லை, விதையைக் கொதிக்கவைத்த கஷாயம். குடித்து அரை மணி நேரத்தில் மூச்சுக்குழாய் தளர ஆரம்பித்து, இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு இறங்கியிருக்கிறது. மூச்சுக்குழாயைத் தளர்த்துகிற பழைய தியோஃபிலின் மருந்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. இதில் நான் பிடித்துக்கொண்டது அந்த அரை மணி நேரத்தைத்தான். நீலப் பம்பு ஐந்து நிமிஷத்தில் வேலை செய்யும். இழுப்பு ஏறுகிறபோது அரை மணி நேரம் யாரிடம் இருக்கிறது?

விதையைப் பார்த்து வாங்குவது

நாட்டு மருந்துக் கடையில் 'கறுப்பா ஒரு சீரகம்' என்று கேட்டால் நாலு சாமானில் எதுவும் வரலாம். கருஞ்சீரகம் மூன்று முனையுள்ள சின்ன விதை. பளபளப்பு இருக்காது, தொட்டால் சொரசொரப்பு. நகத்தால் பிளந்தால் உள்ளே வெள்ளை. உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து மோந்தால் ஓமமும் மிளகும் கலந்த மாதிரி ஒரு கார வாசனை மூக்கில் ஏறும். வெங்காய விதை கண்ணுக்கு இதன் உடன்பிறப்பு மாதிரியே இருக்கும், ஆனால் தேய்த்தால் அந்த வாசனை வராது. கறுப்பு எள் தட்டையாக, வழவழப்பாக இருக்கும். பிரியாணிக்குப் போடுகிற ஷாஜீரா நீளமாக, ஒல்லியாக, லேசாக வளைந்து, கோடு கோடாக இருக்கும். காட்டுச்சீரகம் என்பது வேறு செடி. வயிற்றுப் பூச்சிக்குத் தருவது, கடும் கசப்பு. பேர் ஒட்டி வருவதால் கடைப்பையன்களே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கும் ஒரு தடவை வந்தது. வாயில் நாலு போட்டதும் தெரிந்துவிட்டது, அன்றைக்கு முழுக்க நாக்கு கசந்தது.

மரச்செக்கில் ஆட்டித் தரச் சொல்லலாம் என்று போனால் ஒரு ஆட்டத்துக்கு 10 கிலோவுக்கு மேல் கொண்டுவா என்பார்கள். ஒரு வீட்டுக்கு அவ்வளவு எதற்கு? பாளையங்கோட்டையில் என் தங்கை மகள் மேஜை மேல் வைக்கிற சின்ன எண்ணெய் மெஷின் வைத்திருக்கிறாள். ஒரு கிலோ விதையைப் புடைத்து, கல் மண் பொறுக்கி, ஒரு மணி நேரம் இளவெயிலில் காயவைத்துக் கொண்டுபோனேன். கிடைத்தது 230 மில்லி. விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் இருந்தாலும் சூடாக்காமல் பிழிந்தால் கால் பங்குதான் வெளியே வரும். வறுத்துப் போட்டால் இன்னும் அதிகமாக வரும் என்று அவள் சொன்னாள், வேண்டாம் என்றேன். இந்த எண்ணெயின் காரத்துக்குக் காரணமான தைமோகுயினோன் என்கிற சரக்கு சூட்டிலும் வெளிச்சத்திலும் கெட்டுவிடும் என்று பேத்தி ஏற்கெனவே எச்சரித்திருந்தாள். பிழிந்த எண்ணெயை மூடி போட்டு மூன்று நாள் ஆடாமல் வைத்து, மேல் தெளிவை மட்டும் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் இறுத்தேன். அடி மண்டி கால் வலிக்குப் போனது. புண்ணாக்கைக் கொஞ்சம் இட்லிப்பொடியில் போட்டேன், வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

பாட்டிலாக வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். நம் நாட்டில் சாப்பிடுவதற்கென்று விற்கிற எண்ணெய் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று போட்டு 14 இலக்க எண் இருக்கும். சேர்மானத்தில் கருஞ்சீரக எண்ணெய் ஒன்றுதான் இருக்க வேண்டும். தலைக்குத் தேய்க்கிற கருஞ்சீரக ஹேர் ஆயில் வேறு சாதி. அதில் பலவற்றில் லிக்விட் பாரஃபின் கலந்திருக்கும், அதாவது மண்ணெண்ணெய் வரும் வழியிலேயே வருகிற சரக்கு. எங்கள் தெருவில் ஒரு அம்மாள் அதைத் தேனில் கலந்து ஒரு வாரம் குடித்திருக்கிறார். படத்தில் கறுப்பு விதை இருந்ததாம். நல்ல எண்ணெய் நாக்கில் பட்டதும் கசந்து, விழுங்கினதும் தொண்டையில் மிளகு மாதிரி பிடிக்கும். பிடிக்கவே இல்லை என்றால் அதில் சூரியகாந்தி எண்ணெய் கலந்திருக்கிறது, இல்லை பழசு.

எவ்வளவு, எப்போது

எங்கள் ஊரில் 'தினம் ரெண்டு ஸ்பூன்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அது அதிகம். ஆய்வில் கொடுத்தது 500 மில்லிகிராம் இரண்டு வேளை, மொத்தம் ஒரு கிராம். வீட்டில் இருக்கும் டீஸ்பூன் ஐந்து மில்லி. அதில் கால் பங்கு ஒன்றேகால் மில்லி, எடை ஒரு கிராமைச் சுற்றி வரும். ஆக, நாள் முழுக்கக் கால் டீஸ்பூன்தான். கண்ணளவில் கால் டீஸ்பூன் எடுக்க யாருக்கும் வராது. குழந்தை டானிக்கோடு வருகிற சின்ன அளவுக் குழாயை நான் வைத்திருக்கிறேன். காலைப் பசியாறி முடித்ததும் 0.6 மில்லி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 0.6 மில்லி. அரை ஸ்பூன் தேனில் குழைத்து நாக்கில் தடவி, மேலே இரண்டு மடக்கு வெந்நீர். வெறும் வயிற்றில் எடுத்தால் எனக்கு எதுக்களித்துக்கொண்டே இருக்கும். எதுக்களிப்பு இழுப்புக்கு ஆகாது. புளிப்பு மேலே ஏறி மூச்சுக்குழாயைத் தொட்டால் ராத்திரி இருமல் நிச்சயம். சர்க்கரை இருப்பவர்கள் தேனை விட்டு மோரில் கலந்துகொள்ளலாம்.

உட்கார்ந்து குடியுங்கள். படுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, தொண்டையில் நேராக ஊற்றிக்கொண்டு குடிக்காதீர்கள். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எண்ணெயாகக் கொடுக்கவே கூடாது.

முதல் தடவை எடுப்பவர்கள் ஒரு சொட்டை முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். இந்த எண்ணெய் சிலருக்குத் தோலில் சிவந்து, கொப்புளம்வரை போகும். சிவந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், உள்ளுக்கும் வேண்டாம்.

யாருக்கு ஆகாது என்பதைப் பேத்தி தனியாக எழுதச் சொன்னாள். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்ற பிறகு மருந்தில் கருஞ்சீரகம் சேர்ப்பதுண்டு, பெறுவதற்கு முன்னால் இல்லை. உம்மா காலத்திலேயே அந்தக் கட்டுப்பாடு இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. இது சர்க்கரையையும் பிரஷரையும் தானும் கொஞ்சம் இறக்கும், மாத்திரையும் இறக்கும், இரண்டும் சேர்ந்தால் தலை சுற்றி விழுவீர்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே தேனும் கூடாது.

மூக்கில் விடாதீர்கள்

என் லாத்தா (அக்கா) மகள் பெற்ற பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம். குளிப்பாட்ட வருகிற மூதாட்டி கைராசிக்காரி, எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவர் காலில் கிடந்து குளித்ததுதான். எண்ணெய் தேய்த்து, காலை நீட்டிப் படுக்கப்போட்டு வெந்நீர் ஊற்றி, கடைசியில் இரண்டு மூக்கிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு 'பூ' என்று ஊதுவார். சளி கட்டாதாம். பிள்ளைக்கு மூக்கடைப்பு என்று கேள்விப்பட்டு, நல்லெண்ணெயோடு கருஞ்சீரக எண்ணெயையும் நானே கலந்து கொடுத்தனுப்பினேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை. பத்துப் பதினைந்து நாளில் பிள்ளைக்கு விடாத இருமல், பிறகு காய்ச்சல், விலா உள்ளே இழுத்து இழுத்து மூச்சு. படம் எடுத்தார்கள், வலது நுரையீரலில் ஒரு பக்கம் வெள்ளை பூத்திருந்தது. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "மூக்குல, வாயில எண்ணெய் ஊத்துறீங்களா?" நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். 11 நாள் ஆஸ்பத்திரி. பிள்ளை தேறிவிட்டான், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஆனாலும் அவன் இருமினால் என் வயிறு இன்னும் கலங்குகிறது.

டாக்டரம்மா அன்றைக்கு விளக்கியது இது. தண்ணீர் புரையேறினால் உடனே இருமி வெளியே தள்ளிவிடுவோம். எண்ணெய் உறுத்தாமல் வழுக்கிக்கொண்டே இறங்கிவிடும், இருமலே வராது. மூச்சுக்குழாய்ச் சுவரில் நுண்ணிய மயிர்கள் துடுப்புப் போட்டுச் சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. எண்ணெய் படிந்தால் அவையும் ஓய்ந்துவிடும். நுரையீரலுக்குள் போன எண்ணெயைக் கரைக்க அங்கே வயிற்றில் இருக்கிற மாதிரி பித்தமோ செரிமானச் சாறோ இல்லை. அது அங்கேயே கிடந்து புண்ணாக்கும். எண்ணெய் நிமோனியா என்று அதற்குப் பெயர். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் குழந்தை டாக்டர்கள் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். மூக்கில் ஊதுவது மட்டுமில்லை. வயிறு கழிய வேண்டும் என்று பாலாடையில் விளக்கெண்ணெய் ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு புகட்டுவதும் அதே வழியில்தான் போகும்.

கருஞ்சீரகத்தை நசுக்கி எண்ணெயில் கலந்து மூக்கில் விட்டதாக ஹதீஸ் நூல்களில் செய்தி இருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். இருக்கிறது. அது வளர்ந்த ஆள் ஒருவருக்கு, அன்றைக்குக் கையில் இருந்த வைத்தியம். பிறந்த பிள்ளையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. என்னைக் கேட்டால் பெரியவர்களுக்கும் வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது.

ஆவி பிடிக்கிற பாத்திரத்திலும் எண்ணெயை விடாதீர்கள். எண்ணெய்ப் படலம் கொதித்துத் தெறித்தால் முகத்துக்கு ஆகாது, ஆவியில் ஏறுகிற எண்ணெய்த் துளி நெஞ்சுக்கு ஆகாது. எனக்கெல்லாம் வெறும் ஆவியே சில நாள் இழுப்பைக் கூட்டிவிடுகிறது. ஆயில் புல்லிங் செய்கிற வயசாளிகளும் வாயில் எண்ணெயை வைத்துக்கொண்டு அண்ணாந்து தொண்டையைக் கொப்பளிக்க வேண்டாம்.

நெஞ்சில் தேய்ப்பது

இதற்குப் பிழிந்த எண்ணெயைச் செலவழிக்க வேண்டியதில்லை. 100 மில்லி நல்லெண்ணெய்க்கு நாலு டீஸ்பூன் கருஞ்சீரகம். அம்மியிலோ உரலிலோ இரண்டு தட்டு தட்டினால் போதும், மாவாக்க வேண்டாம். மூடியுள்ள சின்ன எவர்சில்வர் தூக்கில் எண்ணெயையும் விதையையும் போட்டு, அதைத் தண்ணீர் கொதிக்கிற பாத்திரத்துக்குள் இறக்கி, சிறு தீயில் அரை மணி நேரம். தூக்கு நேராக அடுப்பில் ஏறக் கூடாது. மூடியைத் திறந்து திறந்து மோந்து பார்க்கவும் கூடாது. வாசனை வெளியே போனால் சரக்கும் போகிறது என்று அர்த்தம். ஆறினதும் இரண்டு நாள் அப்படியே ஊறவிட்டு, ஈரமில்லாத துணியில் வடிகட்டுங்கள்.

ராத்திரி படுக்கும் முன் ஒரு டீஸ்பூன் எடுத்து, கரண்டியை வெந்நீரில் காட்டி வெதுவெதுப்பாக்கி, முன் நெஞ்சிலும் முதுகில் இரண்டு தோள்பட்டைக்கு நடுவிலும் தேய்க்கச் சொல்லுவேன். பேத்தி கை, ஐந்து நிமிஷம். தோல் வழியாக நுரையீரலுக்குப் போகிறது என்று நான் நம்பவில்லை. இழுப்பில் கழுத்தும் தோளும் கல்லாக இறுகிப்போகும். அது இளகுகிறது, வாசனை நெஞ்சைத் திறந்த மாதிரி ஒரு சுகம், ஒருத்தர் கை முதுகில் இருக்கிற தைரியம். இவ்வளவு போதாதா? இதில் சூடத்தை நுணுக்கிப் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை விட்டுவிடுங்கள். சூடம் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலும் பிள்ளைக்கு வலிப்பு வரும்.

நாலு வாரக் கணக்கு

மருந்து கேட்கிறதா என்று உடம்பைக் கேட்டால் அது அன்றைய மனசுக்குத் தகுந்த மாதிரிச் சொல்லும். அதனால் ஊதிப் பார்க்கிற குழாய் ஒன்று வாங்கினேன், பீக் ஃப்ளோ மீட்டர். நின்றுகொண்டு, முள்ளைப் பூஜ்யத்துக்கு இறக்கி, முழு மூச்சு இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே ஊதலாக வேகமாக ஊத வேண்டும். மூன்று தடவை ஊதி, அதில் கூடுதலாக வந்த அளவை எழுத வேண்டும். காலையில் பம்புக்கு முன்னால், ராத்திரியும் அதே மாதிரி. பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் போதும்.

எண்ணெய் இல்லாமல் முதல் இரண்டு வாரம் எழுதுங்கள். பிறகு எண்ணெயோடு நாலு வாரம். பம்பில் எதையும் மாற்றக் கூடாது, மாற்றினால் கணக்கு கெட்டுப்போகும். எண்ணோடு இரண்டு குறிப்பு: ராத்திரி இருமலுக்கு எழுந்தேனா, நீலப் பம்பு எத்தனை தடவை. என் தாளில் முதல் இரண்டு வாரச் சராசரி 280, எண்ணெயோடு 290. அந்தப் பத்து ஒன்றுமேயில்லை, ஒரே நாளில் மூன்று ஊதலுக்குள்ளேயே அவ்வளவு வித்தியாசம் வரும். ஆனால் ராத்திரி எழுந்தது வாரத்துக்கு நாலு நாளிலிருந்து ஒன்று, இரண்டு என்று குறைந்தது. எண்ணெயாலா? அதே மாதத்தில் ஐப்பசி மழை விட்டு வெயில் வந்தது. பக்கத்து வீட்டில் பீடி சுற்றுவதை நிறுத்தினார்கள். பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தொடர்ந்து எடுக்கிறேன், ஏனென்றால் கெடுதல் ஒன்றும் காணவில்லை. உங்களுக்கு நாலு வாரத்தில் எண்ணும் அசையாமல் ராத்திரியும் மாறாமல் இருந்தால் காசை மிச்சப்படுத்துங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மூச்சுக்கு எண்ணெயைவிட உதவியது இரண்டு காரியம். சொளவைத் தூக்கி வீட்டுக்கு வெளியே போட்டது ஒன்று. பம்பை ஒழுங்காக இழுக்கக் கற்றது இன்னொன்று. 20 வருஷம் தப்பாக இழுத்திருக்கிறேன், மருந்தெல்லாம் நாக்கிலேயே படிந்து போயிருக்கிறது. ஸ்பேசர் என்கிற பெரிய குப்பியில் பம்பைச் செருகி, நன்றாகக் குலுக்கி, ஒரு அழுத்து. மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி, விட வேண்டும். அடுத்த அழுத்துக்கு அரை நிமிஷம் இடைவெளி. காலை இரவு போடுகிற பம்புக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை பூக்கும்.

எண்ணெயைத் தொடவே நேரமில்லாத நேரமும் உண்டு. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விலா இடுக்கு உள்ளே இழுக்கிறது, அல்லது குழாயில் உங்கள் நல்ல நாள் எண்ணில் பாதிக்குக் கீழே வருகிறது என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து நீலப் பம்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நாலு அழுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு. அதற்குள் வீட்டில் ஒருவர் 108-க்கு அடிக்கட்டும். வண்டி வர நேரமானால் நாலு நிமிஷம் பொறுத்து அதே மாதிரி இன்னொரு தடவை. வேறு விஷயம், இரண்டு வாரத்துக்கு மேல் போகிற இருமல் எதுவானாலும், இழுப்பு இருக்கிறவர்களுக்கும், அரசு ஆஸ்பத்திரியில் சளி சோதனை செய்துவிடுங்கள், காசில்லை. பீடி சுற்றுகிற பெண்கள் 'இது தூள் இருமல்தான்' என்று காசநோயை வருஷக்கணக்கில் வளர்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகப் பாட்டில். பழுப்புக் கண்ணாடி, இறுகின மூடி, அடுப்பிலிருந்து தள்ளி இருட்டான அலமாரி. பிளாஸ்டர் துண்டில் பிழிந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதம் தாண்டினால் நான் குடிப்பதில்லை. காறல் வாடை வராமல் இருந்தால் மீதி முழங்காலுக்குப் போகும், வந்துவிட்டால் வெளிவாசல் கதவுக் கீலுக்கு. இப்போது இருக்கிற பாட்டிலில் இன்னும் நாலு விரல்கடை மிச்சம். பாளையங்கோட்டைக்காரியிடம் அடுத்த கிலோ எப்போது கொண்டுவரட்டும் என்று கேட்டிருக்கிறேன். மெஷினைக் கழுவிக் கொடுப்பதாக இருந்தால் வா, அந்த வாடை ஒரு வாரம் போகவில்லை என்கிறாள்.